இரண்டு வேட்பாளர், ஒரே பிள்ளையார் சுழி

1. சுழி எங்கே?

2009 ஆனி மாதம் பாரிஸ் லா சப்பலில் ஒரு தமிழ் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை ஊர்வலங்களுக்குப் பதாகை அடித்துக்கொண்டிருந்த மெசின் அந்த மாதம் கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கணினியில் பக்கம் வடிவமைக்கிற வேலை. முதல் நாள் தந்தது ஒரு சாமத்திய வீட்டுக் கார்ட், பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சடங்குக்கு அழைப்பு. பூவும் மயிலும் வைத்து முடித்துவிட்டு முதலாளி தயா அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மயிலைப் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, சுழி எங்கை?"

"மேல சிவமயம் போட்டிருக்கிறன் அண்ணை."

"கார்டில இல்லை, ஃபைல்ல. கட்டிங் மார்க்குக்கு வெளியில, இடப்பக்க மூலையில ஒரு 'உ' போடும். இஞ்சை அது இல்லாமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது."

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வருடம் எனக்கு எந்தச் சாமியோடும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் சம்பளம் தருகிறவர் சொன்னால் போடத்தானே வேண்டும். கலியாணக் கார்டுக்கும் போட்டேன், பீட்சாக் கடைத் துண்டுப் பிரசுரத்துக்கும் போட்டேன். வாடிக்கையாளர் கண்ணில் அது படாது. தாளோடு அச்சாகி, ஓரம் வெட்டும்போது கழிவோடு போய்விடும். எத்தனையோ பிள்ளையார்கள் அப்படிக் கழிவுப் பெட்டிக்குள் போயிருக்கிறார்கள். அவர்கள் கோபித்ததாகத் தெரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது பாரிஸுக்கு வெளியே சார்செல் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஓய்வு என்னமோ வரவில்லை. தெருவில் ஒரு போஸ்டரைக் கண்டால் இன்றைக்கும் கால் நின்றுவிடும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

2. வெட்டுகிறவன்

ஓரம் வெட்டுகிற மெசினில் நின்றவன் ஃபெலிக்ஸ். ஆபிரிக்காவின் அட்லாண்டிக் கரையிலுள்ள ஓர் எண்ணெய் நாட்டுக்காரன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவனுடைய ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்களோடு நின்று நின்று யாழ்ப்பாணத் தமிழ் பழகிவிட்டான். பாரிஸ் புறநகர் ஸ்தேனிலிருந்து போன் எடுத்த ஒரு அம்மா அவன் குரலைக் கேட்டு, "தம்பி வடமராட்சியோ?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் சிரித்தான்.

அவனுடைய வீடு துறைமுகப் பக்கம். கடலுக்குள் எண்ணெய்க் கிணறு, கரையில் இரவு பகலாக எரிகிற தீக்கொழுந்து. வீட்டில் கரண்ட் இல்லாததால் அவனும் தம்பி எமேயும் அந்தத் தீயின் வெளிச்சத்தில் முற்றத்தில் இருந்து படித்தார்களாம்.

"எங்கட எண்ணெய் எங்களுக்குத் தந்தது அந்த வெளிச்சம் மட்டும்தான் அக்கா," என்பான்.

தேத்தண்ணீர் நேரத்தில் எங்கள் ஆட்களின் அரசியல் அவனுக்கு நல்ல பொழுதுபோக்கு. போரில் எங்களைக் கவிழ்த்தது அந்த நாடு என்பார் ஒருவர். இல்லை, இந்த நாடு என்று மேசையில் அடிப்பார் மற்றவர். யார் கையிலும் ஆதாரம் இருக்காது, குரல் மட்டும் இருக்கும். ஃபெலிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் சொன்னான்:

"உங்களிட்டை எண்ணெய் கூட இல்லையே. பிறகேன் உங்களிட்டை வந்தவங்கள்? எங்கட நாட்டில தேர்தல் வருசம் வந்தால் ஹோட்டல்ல அறை கிடைக்காது. எல்லாம் வெள்ளைக்கார ஆலோசகர்மார்."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

3. சால்வைக்காரர்

அவன் நாட்டில் தேர்தல் வந்த வருடம், ஒரு பிரெஞ்சுக்காரர் எங்கள் கடைக்குள் வந்தார். கோடையிலும் கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருப்பார். நாங்கள் வைத்த பெயர் சால்வைக்காரர். தான் 'ஆலோசகர்' என்றார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். எங்கள் வடையைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதும் கேட்டார்.

கொண்டுவந்தது பெரிய வேலை. அந்த நாட்டு ஜனாதிபதியின் தேர்தல் போஸ்டர். பச்சைப் பின்னணியில் ஜனாதிபதி சிரிக்கிறார், கீழே 'அமைதியே தொடரட்டும்' என்று பிரெஞ்சில். ஒரேயொரு நிபந்தனை. வழக்கமாக எந்தப் போஸ்டரின் அடியிலும் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர் போடுவோம். அதைப் போடக் கூடாது என்றார்.

"இது அந்த நாட்டு மக்கள் தாங்களாகவே செய்கிற பிரசாரம், மொசியூ. பாரிஸ் வாசனை வரக் கூடாது."

தயா அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு ஒப்புக்கொண்டார். சால்வைக்காரர் லா சப்பலுக்கு ஏன் வந்தார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. நாங்கள் வேகம், மலிவு. அதைவிட, தமிழர்களுக்கு அந்த நாட்டில் என்ன அக்கறை என்று அவர் நினைத்தார். மூலையில் வெட்டுகிறவன் எந்த நாட்டுக்காரன் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பேஆத்தே என்று ஒன்று உண்டு. அச்சடிக்க முன் மாதிரித் தாளை வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு ஒரு புள்ளியைக் கூட மாற்றக் கூடாது, அது இந்தத் தொழிலின் வேதம். சால்வைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு போன் எடுத்து, போஸ்டர் இன்னும் பெரிதாக வேண்டும், சரக்கு விமானம் புறப்படப் போகிறது, மாதிரி பார்க்க நேரமில்லை, அடியுங்கள் என்றார். அவசர அவசரமாகப் படத்தைப் பெருப்பித்தேன், கட்டிங் மார்க்கை வெளியே தள்ளினேன், 'உ'வைத் தள்ள மறந்துவிட்டேன்.

வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஃபெலிக்ஸ்தான் கண்டான்.

"அக்கா, பிள்ளையார் உள்ளுக்கு வந்திட்டார்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். இடப்பக்க மேல் மூலையில், பச்சைக்கு மேல் கறுப்பாக, நகமளவு 'உ'. வாசலில் வான் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. தயா அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"ஜனாதிபதிக்கும் பிள்ளையார் துணை இருக்கட்டும். ஏத்துங்கோடா," என்றார்.

அந்த ஜனாதிபதிதான் ஃபெலிக்ஸை நாட்டைவிட்டு ஓட வைத்தவர். அந்த முகத்தை நாள் முழுக்க வெட்ட உனக்கு எப்படி மனம் வந்தது என்று பிறகு கேட்டேன். "வெட்டத்தானே சொன்னவை," என்றான்.

4. இரண்டாவது குதிரை

போஸ்டர் போய்ச் சேர்ந்தது, ஒட்டியும் ஆயிற்று. சுழியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் அதை மறந்தே போனேன்.

சில வாரம் கழித்து மின்னஞ்சலில் இன்னொரு போஸ்டர் வந்தது. அதே நாடு, ஆனால் எதிர்க்கட்சி வேட்பாளர். சிவப்புப் பின்னணி, முழங்கை வரை மடித்த சட்டை, 'எங்கள் எண்ணெய் எங்களுக்கே' என்ற வாசகம். ஃபெலிக்ஸ் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் நம்பியிருந்த மனிதர் அவர்தான். தம்பி எமே அவருடைய ஆள், அந்தப் பகுதியில் போஸ்டர் ஒட்டுகிற பொடியன்களுக்குத் தலைவன். போன தேர்தலில் போஸ்டர் ஒட்டப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை என்று ஃபெலிக்ஸ் முன்பே சொல்லியிருக்கிறான்.

"கடைசியில எங்கட ஆட்களிட்டையும் காசு வந்திட்டுது அக்கா!" என்று திரையைத் தொட்டுக் கையை நெஞ்சில் வைத்தான்.

அடுத்த நாள் அந்த வேலைக்குத் தாள் தெரிவு செய்ய வந்தவர் சால்வைக்காரர்.

ஃபெலிக்ஸ் மெசினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். எனக்கு வாய் சும்மா இருக்காது, கேட்டுவிட்டேன்.

"இரண்டு பேருக்கும் நீங்களா, மொசியூ?"

அவர் ஒளிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"மதாம், பந்தயத்தில் ஒரு குதிரைக்கு மட்டும் காசு கட்டுகிறவன் ரசிகன். என்னை அனுப்புகிறவர்கள் ரசிகர்கள் அல்ல, எண்ணெய் எடுக்கிறவர்கள். யார் வந்தாலும் கிணறு அங்கேதானே இருக்கப் போகிறது?"

சொல்லிவிட்டு வடை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தட்டில் மூடி வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு தயா அண்ணை, "பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுறாங்கள்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். ஃபெலிக்ஸ் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே போய்த் தம்பிக்குப் போன் எடுத்தான். நானும் பின்னால் போனேன். மேலே ரயில் போகும்போதெல்லாம் அவன் கத்திப் பேசினான், ரயில் போன பிறகும் கத்தினான். திரும்பி வந்தவனுடைய முகம் வற்றிப் போயிருந்தது.

"நம்ப மாட்டானாம். என்னை ஜனாதிபதியின்ர ஆட்கள் விலைக்கு வாங்கிட்டாங்களாம். பாரிஸ்ல இருந்துகொண்டு பயந்தவன் கதை சொல்லாதை எண்டுறான். போஸ்டர் வந்து இறங்கினவுடன அவன்தான் முதல் ஒட்டப் போறானாம்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "நான் சொன்னால் நம்ப மாட்டான் அக்கா. கண்ணால கண்டால் நம்புவான். ஜனாதிபதியின்ர போஸ்டர் அவன்ர பள்ளிக்கூட மதில்ல இருக்கு. அதில பிள்ளையார் இருக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி நின்றேன்.

"இதிலயும் வையுங்கோ. அதே இடத்தில. நான் அவனுக்கு மூலையைப் பார் எண்டு மட்டும் சொல்லுறன். ரெண்டும் ஒரே இடத்தில இருந்து வந்தது எண்டு அவனே பிடிச்சிடுவான்."

5. கையெழுத்து

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயரையும் மாமனாரின் பெயரையும் மாற்றிப் போட்டேன். எழுந்து தண்ணீர் குடித்தேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். வாடிக்கையாளரின் தாளில் அவர் கேட்காத ஒன்றை வைப்பது துரோகம். பிடிபட்டால் எனக்கு வேலை போகும், தயா அண்ணைக்குக் கடையே போகலாம். அந்த நாட்டு அரசியல் எனக்கு என்ன செய்யும்? சால்வைக்காரர் எங்களைப் பற்றி நினைத்ததையே நானும் நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது.

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவனும் முதலில் போஸ்டர் ஒட்டத்தான் போனான். மிச்சத்தை இங்கே எழுதவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டேன். ஒளித்து வைத்தால்தானே துரோகம்? மாதிரித் தாளிலேயே வைத்துவிடுவோம். அவர் பார்த்து எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவது, சொல்லாவிட்டால் அது அவர் ஒப்புக்கொண்டது. 'உ'வை இடப்பக்க மேல் மூலையில் சிவப்புக்கு மேல் கறுப்பாக, முன்பு இருந்த அளவிலேயே வைத்தேன். ஃபெலிக்ஸிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சால்வைக்காரர் வந்தார். மாதிரித் தாளை மேசையில் விரித்தேன். மூலையை மறைக்காமல் கையை எடுத்துக்கொண்டேன். அவர் வேட்பாளரின் பற்களைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்க முடியுமா என்று கேட்டார். சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்தார். 'எங்கள் எண்ணெய்' என்ற எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கச் சொன்னார். திருத்திக் கொடுத்தேன். அவருடைய விரல் ஒரு தரம் மூலை வரைக்கும் போனது. தாள் சுருண்டு வராமல் அமத்திப் பிடிக்கத்தான் போனது. கையெழுத்துப் போட்டார்.

வெட்டும் நாளில் ஃபெலிக்ஸ் முதல் கட்டைத் தூக்கினான், மூலையைக் கண்டான், என்னைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு வெட்டத் தொடங்கினான்.

6. தூண்டில்

போஸ்டர் அங்கே போய் இறங்கிய கிழமை முழுக்க ஃபெலிக்ஸ் கையில் போனோடுதான் திரிந்தான். ஒரு பகல் என் மேசைக்கு வந்து போனை நீட்டினான். எமே அனுப்பிய படம். பள்ளிக்கூட மதிலில் பச்சைப் போஸ்டர், அதன் பக்கத்தில் எமே கையில் பிடித்திருந்த சிவப்புப் போஸ்டர். இரண்டின் மூலையிலும் ஒரே 'உ'. படத்தின் கீழே எமே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான்.

அன்றைக்கு அவன் ஒட்டப் போகவில்லை.

எமே அந்தப் படத்தைத் தன் நண்பர்களுக்குக் காட்டினான். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். பிறகு அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. அது என்ன எழுத்து என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. காது என்றார்கள் சிலர், நத்தை என்றார்கள் சிலர். துறைமுகத்து மீன்பிடிக்காரர்கள்தான் தூண்டில் முள் என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பச்சைப் போஸ்டரிலும் சிவப்புப் போஸ்டரிலும் முகத்துக்குக் குறுக்கே பெரிய பெரிய தூண்டில்கள் கீறினார்கள். யாரோ எண்ணெய்த் தாங்கியிலும் கீறினார்கள். அந்தப் படங்களை ஃபெலிக்ஸ் காட்டக் காட்ட, நான் சிரித்தேன், பயந்தேன், மறுபடி சிரித்தேன்.

சால்வைக்காரர் கடைக்குள் வந்தபோது கழுத்தில் துணி இல்லை. இரண்டு போஸ்டர்களையும் மேசையில் போட்டு, மூலையில் விரலால் குத்தினார்.

"இது என்ன? சொல்லுங்கள், இது என்ன?"

தயா அண்ணை நிதானமாகக் கண்ணாடியைப் போட்டார். "எங்கள் கடவுள், மொசியூ. யானைத் தலை. எந்த வேலை தொடங்கினாலும் முதலில் அவர்."

"யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?"

சிவப்புப் போஸ்டருக்கு அவர் கையெழுத்திட்ட மாதிரித் தாளை நான் எடுத்து விரித்தேன். அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை நாள் வந்துபோன மனிதர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு போஸ்டர்களையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வழக்குப் போட்டால் போஸ்டர் எங்கே அடித்தது என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும் அல்லவா?

கதவு மூடியதும் தயா அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லும். முதலாவது பிழை. இரண்டாவதைத் தெரிஞ்சுதானே வைச்சனீர்?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள், சுழி இல்லாமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாதெண்டு."

அவர் இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை.

7. மிச்சம்

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அந்தத் தேர்தலில் ஜனாதிபதிதான் வென்றார் என்று அறிவித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் கொஞ்ச நாள் கத்தினார், பிறகு மந்திரியானார். கிணறு அங்கேதான் இருந்தது, தீயும் எரிந்துகொண்டுதான் இருந்தது. சால்வைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முடிவு அறிவித்த நாள் ஆமிக்காரர் எமேயின் பகுதிக்குள் புகுந்து, சிவப்புப் போஸ்டர் ஒட்டிய பொடியன்களைத் தேடிப் பிடித்தார்கள். எமே வீட்டில் இருந்தான், தப்பினான். படத்தைக் கண்டும் நம்பாமல் ஒட்டப் போன அவனுடைய நெருங்கிய சினேகிதன் ஒருவன் தப்பவில்லை. அதன் பிறகு எமே அண்ணனோடு வெகு காலம் பேசவில்லை.

"என்னை மட்டும் ஏன் காப்பாத்தினாய் எண்டு கேட்கிறான் அக்கா," என்று ஃபெலிக்ஸ் ஒரு நாள் மெசினுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருடம் போன பிறகு எமேயிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அந்தத் தூண்டிலுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று உன் தமிழ் அக்காவிடம் கேள் என்று ஃபெலிக்ஸுக்கு எழுதியிருந்தான்.

"தொடக்கம் எண்டு சொல்லு," என்றேன்.

இப்போது எமே அங்கே ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறான். எண்ணெய்க் காசு எங்கே போகிறது, யார் வந்து எந்த ஹோட்டலில் தங்குகிறார்கள் என்று எழுதுகிறான். பச்சைக் கட்சியையும் எழுதுகிறான், சிவப்புக் கட்சியையும் எழுதுகிறான். இரண்டு தரம் பிடித்து அடைத்தார்கள், வெளியே வந்தும் எழுதுகிறான். ஃபெலிக்ஸ் ஒரு பிரதி கொண்டுவந்து தந்தான். இடப்பக்க மேல் மூலையில் 'உ' இருந்தது. கையால் கீறியது, வால் மற்றப் பக்கம் போகிறது. பிழை, திருத்தச் சொல் என்று எனக்குச் சும்மா இருக்க முடியாமல் சொல்லி அனுப்பினேன். எங்கள் ஊரில் தூண்டில் இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

ஆகவே புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, பேஆத்தே கையெழுத்தான பிறகு ஒரு புள்ளியையும் மாற்றாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் நீங்களானால், நடுவில் சிரிக்கிற முகத்தை விட்டுவிட்டு முதலில் மூலையைப் பாருங்கள். தாளுக்குக் காசு கொடுத்தவன் யார், அச்சகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றவன் யார் என்று கேளுங்கள். போஸ்டர் ஒட்டப் போகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

என் தம்பி ஒட்டிய போஸ்டரின் மூலையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்போது நான் அச்சகத்தில் வேலை செய்யவில்லை. வீட்டில் அவனுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.